ஆசிரியர் இல்லாமல் வேதம் வாசித்த நான்கு வருடங்கள்

சபையை விட்டு வெளியே வந்த அன்று நான் கையில் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே ஒரு வசனம். 1 யோவான் 2:27. "ஒருவரும் உங்களுக்குப் போதிக்கவேண்டுவதில்லை." இதற்கு மேல் என்ன வேண்டும்? வாத்தியார் வேண்டாம் என்று வேதமே சொல்லிவிட்டது என்று நினைத்தேன்.

ஏன் வெளியே வந்தேன் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அதிலேயே நின்றால் இது புலம்பலாகிவிடும். பதினோரு வருடம் ஒரு ஊழியரின் கீழ் இருந்தேன். நன்றாகப் பேசுவார். அவர் பிரசங்கங்களை எழுதி எழுதியே பதினான்கு நோட்டு நிரப்பியிருந்தேன். ஒருநாள் வேதபாட வகுப்பில் அவர் ஒரு வசனத்துக்குச் சொன்ன விளக்கம் அதற்கு அடுத்த வசனத்தோடு ஒட்டவில்லை. "ஐயா, அப்படியென்றால் இதை எப்படிப் புரிந்துகொள்வது?" என்று கேட்டேன். மடக்குவதற்காகக் கேட்கவில்லை, சத்தியமாகத் தெரியாமல்தான் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், மோசேக்கு விரோதமாக எழும்பி பூமி வாய்திறந்து விழுங்கிய கோராகு வந்தான். என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, பாதிப் பேர் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள். இரண்டு மாதத்தில் விலகிவிட்டேன். என் மனைவியும் கூட வந்தாள், முழு மனதோடு என்று சொல்லமுடியாது.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நானும் வேதபுத்தகமும்தான். விளக்கவுரைகளையெல்லாம் கட்டி பரணில் போட்டேன். பிரசங்கம் எதுவும் கேட்பதில்லை. விடியற்காலை நாலரைக்கு எழுந்து வாசிப்பேன்.

முதல் வருடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது. இதை இப்போதும் மறுக்கமாட்டேன். பதினோரு வருடத்தில் நான் கேட்டதெல்லாம் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பறித்த வசனங்கள். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் வாசித்ததே இல்லை. எரேமியா 29:11 எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது, வாக்குத்தத்த வசனமாக. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு..." அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருடம் என்று இருப்பதை நான் தனியாக வாசித்தபோதுதான் பார்த்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்ட பெரியவர்களில் பெரும்பாலானோர் அங்கேயே செத்திருப்பார்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள் என்பதுதான் அவர்களுக்கு வந்த செய்தி. இந்த மாதச் சம்பள உயர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை, ஒரு வசனம் மேலே போனால் போதுமாயிருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த எவரும் இந்த அளவுக்குப் போகலாம். போகவும் வேண்டும்.

சிக்கல் இரண்டாம் வருடத்தில் வந்தது. என் மகனுக்கு ஆறு வயதில் வலிப்பு வந்தது. டாக்டரிடம் காட்டினோம், மாத்திரை ஆரம்பித்தோம். (மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை. நான் செய்த முட்டாள்தனங்களில் அது மட்டும் இல்லை.) ஆனால் "ஏன்" என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பதில் தேடி வேதத்தைத் திறந்தேன். யாத்திராகமம் 20:5 கண்ணில் பட்டது. "எரிச்சலுள்ள தேவனாயிருந்து... பிதாக்களுடைய அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும் விசாரிக்கிறவராயிருக்கிறேன்."

என் அப்பா குடிப்பவர். நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அம்மாவை அடித்ததும் உண்டு. அப்பா, நான், என் மகன் என்று தலைமுறைகளை விரல்விட்டு எண்ணினேன். கணக்கு நேராக வந்தது. எரிச்சலுள்ள தேவன், யார் மேலோ இருந்த எரிச்சலை என் பிள்ளையின் மேல் காட்டுகிறார் என்று முடிவுகட்டினேன். அந்த முடிவு எனக்குள் எவ்வளவு உறுதியாக எழுந்ததென்றால், ஆவியானவர்தான் உணர்த்தினார் என்று மனைவியிடம் சொன்னேன். அப்பாவுக்குப் போன் செய்வதை நிறுத்தினேன். அவர் கூப்பிட்டால் எடுப்பதில்லை. காரணம் சொல்லவுமில்லை. ஏறக்குறைய இரண்டு வருடம்.

இதற்கு ஒரு முடிவு கட்டியது என் மனைவிதான். அவளுக்குத் தெரிந்த ஒரு டீச்சரம்மாவை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தாள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்றவர். இறையியல் கல்லூரிப் பக்கம் போனதில்லை, ஆனால் நாற்பது வருடமாக வேதத்தை ஒழுங்காக வாசிப்பவர். நான் என் கண்டுபிடிப்பையெல்லாம் சொல்லி முடித்தேன். அவர் மறுத்துப் பேசவே இல்லை. "அடுத்த வசனத்தை வாசிங்க தம்பி" என்றார், அவ்வளவுதான்.

வாசித்தேன். ஆயிரம் தலைமுறைமட்டும் இரக்கஞ்செய்கிறவர் என்று இருந்தது. மூன்று, நான்கு ஒரு பக்கம். ஆயிரம் ஒரு பக்கம். கணக்கு டீச்சருக்கு அது கண்ணில் படாமல் போகுமா? எரேமியா கடிதத்தில் ஒரு வசனம் மேலே போய்ப் பார்த்து அவ்வளவு பெருமைப்பட்ட நான், இங்கே ஒரு வசனம் கீழே போகவில்லை. ஏனென்றால் இங்கே எனக்குத் தேவையான பதில் கிடைத்துவிட்டது.

அப்புறம் எசேக்கியேல் 18-ஐத் திருப்பச் சொன்னார். நான் நினைத்ததையே இஸ்ரவேலர் ஒரு பழமொழியாகவே வைத்திருந்தார்களாம். பிதாக்கள் திராட்சக்காயைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின என்று. இந்தப் பழமொழியை இனிச் சொல்லவேண்டாம் என்கிறார் கடவுள். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று 20-ஆம் வசனம் நேராகவே சொல்கிறது. இந்த அதிகாரத்தை நான் அதற்குமுன் இரண்டு தடவை வாசித்துக் கடந்திருந்தேன்! பிறவிக் குருடனைப் பார்த்துச் சீஷர்கள் "இவன் செய்த பாவமோ, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமோ" என்று கேட்ட யோவான் 9-ஐயும் அவர் எடுத்துக்கொடுத்தார். அங்கே இயேசு இரண்டையும் மறுக்கிறார்.

"எரிச்சல்" என்ற சொல்லைப் பற்றியும் அன்று பேசினோம். நாம் அதிகம் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் அந்தச் சொல் வருகிறது. இன்றைய பேச்சில் எரிச்சல் என்றால் சிடுசிடுப்பு. அங்கே இருக்கிற எபிரெயச் சொல் வேறு ரகம். தனக்குரியவர்களை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காத தீவிரமான பற்று, கணவன் மனைவிக்குள் இருக்கிறதே, அந்த மாதிரி. "விசாரிக்கிறவர்" என்பதும் அப்படித்தான், நலம் விசாரிப்பதோ போலீஸ் விசாரணையோ இல்லை. கணக்குக் கேட்பது, தண்டிப்பது என்ற பொருளில் வருவது. தமிழ்தானே, எனக்குத் தெரியாதா என்ற தைரியத்தில் வாசித்தவன் நான். தெரிந்த சொல்தான் ஏமாற்றியது. தெரியாத சொல்லாக இருந்திருந்தால் நின்று தேடியிருப்பேன்.

கிளம்பும்போது டீச்சரம்மா ஒரு கேள்வி கேட்டார். "இந்தத் தலைமுறைக் கணக்கு உங்களுக்கு எங்கிருந்து வந்துச்சு? யாராவது பிரசங்கத்துல சொல்லியிருக்காங்களா?" இல்லை, நானாக வாசித்ததுதான் என்றேன்.

அன்று இரவு பரணில் ஏறினேன். ஏழாவது நோட்டில் இருந்தது. "சாபக்கட்டு" என்று தலைப்பு, சிவப்பு மையில் அடிக்கோடு, கீழே யாத்திராகமம் 20:5, அதற்கும் கீழே தாத்தா, அப்பா, மகன், பேரன் என்று கட்டம் போட்ட படம். என் கையெழுத்து. ஒன்பது வருடத்துக்கு முந்தின தேதி. அந்தப் பக்கத்தை எழுதியதே எனக்கு மறந்துபோயிருந்தது. விளக்கம் மட்டும் மறக்கவில்லை. ஆவியானவரின் குரல் என்று நான் நினைத்தது என் பழைய பாஸ்டரின் குரல். சபையில் இருந்தபோதாவது அவரிடம் ஒரு கேள்வி கேட்கமுடிந்தது, பதில் கோராகாக இருந்தாலும். தனியாக வந்தபிறகு அவர் என் தலைக்குள்ளேயே உட்கார்ந்து போதித்தார், அவர்தான் போதிக்கிறார் என்றே தெரியாததால் கேள்வி கேட்கவும் வழியில்லாமல் போனது.

பிறகுதான் 1 யோவான் 2:27-ஐ ஒழுங்காக வாசித்தேன், முன்னும் பின்னும் சேர்த்து. 19-ஆம் வசனத்தில் சிலர் சபையை விட்டுப் பிரிந்துபோயிருக்கிறார்கள். 26-ஆம் வசனத்தில் "உங்களை வஞ்சிக்கிறவர்களைக்குறித்து" எழுதுகிறேன் என்கிறார் யோவான். உங்களிடம் இல்லாத ஏதோ ஒன்று எங்களிடம் இருக்கிறது, வந்து கற்றுக்கொள்ளுங்கள் என்கிற ஆட்களுக்கு எதிராகச் சொன்ன பேச்சு அது. இயேசுவைப் பற்றி ஆதிமுதல் கேட்டதே உங்களுக்குப் போதும், புதுச்சரக்கு விற்கிறவன் தேவையில்லை என்பதுதான் சாரம். அதையும் அவர் போதித்துக்கொண்டே சொல்கிறார்! போதகரே வேண்டாம் என்பது அவருடைய கருத்தாக இருந்தால் அந்தக் கடிதத்தையே எழுதியிருக்கமாட்டார்.

இன்னொன்று. அந்த வசனத்தில் "நீங்கள்", "உங்களில்", "உங்களுக்கு" என்று வருகிறது. நான் அதை மரியாதையாக என் ஒருவனைச் சொன்னதாகவே இத்தனை வருடமும் வாசித்திருக்கிறேன். இன்றைய தமிழில் அப்படித்தானே பேசுகிறோம்? ஆனால் பழைய மொழிபெயர்ப்பில் ஒருவரை மரியாதையாகச் சொல்ல "நீர்" இருக்கிறது. "நீங்கள்" என்றால் பலர். அபிஷேகம் பெற்றது ஒரு கூட்டம். "சகல சத்தியத்திலும் உங்களை நடத்துவார்" என்கிற யோவான் 16:13-லும் பன்மைதான். தனிமைக்கு ஆதாரமாக நான் தூக்கிக்கொண்டு வந்த வசனம் ஒரு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது. நாலரை மணிக்கு இதை நினைத்துத் தனியாகச் சிரித்தேன்.

யோசித்துப் பார்த்தால், ஆசிரியர் இல்லாமல் நான் வாசித்த நாள் ஒன்றுகூட இல்லை. தமிழில் வாசிக்கிறேன் என்றாலே ஒருவர் எபிரெயமும் கிரேக்கமும் படித்து, இந்தச் சொல்லுக்கு இந்தச் சொல் என்று தீர்மானித்திருக்கிறார். 1715-ல் அச்சேறி முடிந்த முதல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த சீகன்பால்கு, அதற்குமுன் தமிழர்களிடம் மாணவனாக உட்கார்ந்து தமிழ் படித்தவர். அதிகாரப் பிரிவுகள் 13-ஆம் நூற்றாண்டில் வந்தவை. புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்களைப் போட்டது ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர், 1551-ல். ஒரு வசனம் எங்கே முடிகிறது என்று எனக்குமுன் யாரோ கோடு கிழித்த இடத்தில்தான் நானும் வாசிப்பதை நிறுத்துகிறேன். யாத்திராகமத்தில் நான் 5-ல் நின்றதை நினைத்துப் பாருங்கள். பவுல் தன் கடிதங்களுக்கு எண் போடவில்லை.

இந்தச் சண்டையும் புதிதல்ல. மனிதர்களின் உதவி வேண்டாம், கடவுளே நேராக விளங்கவைக்கிறார் என்று சொன்னவர்கள் பழங்காலத் திருச்சபையின் ஆயரான அகஸ்டின் காலத்திலும் இருந்தார்கள். ஏறக்குறைய 1600 வருடத்துக்கு முன் அவர்களுக்கு அவர் எழுதிய பதில் எளிமையானது: நீங்கள் எழுத்துக்களைக் கற்றது மனிதர்களிடமிருந்துதானே? எழுத்தறியாமலே கேட்டுக் கேட்டு வேதத்தை மனதில் வைத்திருந்த எகிப்தியத் துறவி அந்தோணியாரையும் அவர் அங்கே குறிப்பிடுகிறார். கடவுள் அப்படியும் செய்யக்கூடும் என்று ஒத்துக்கொள்கிறார். அதைச் சாக்காக வைத்து அண்டை வீட்டுக்காரனிடம் கற்றுக்கொள்ள மறுப்பது பெருமை என்கிறார். "பெருமை" என்ற சொல்லைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது.

தனியாக வாசித்தவர்களில் என்னைப்போல ஒருவர் வில்லியம் மில்லர். அமெரிக்க விவசாயி. 1816-ல் விளக்கவுரைகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வேதமும், ஒரு சொல் எங்கெங்கே வருகிறது என்று காட்டும் ஒரு அகராதியும் மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நேர்மையானவர், கடும் உழைப்பாளி. தானியேல் 8:14-ல் வரும் 2300 நாட்களை வருடங்களாக்கி, கிறிஸ்து 1843 வாக்கில் திரும்பிவருவார் என்ற முடிவுக்கு இரண்டு வருடத்தில் வந்தார். கடைசியில் அவர் இயக்கத்தார் 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் காத்திருந்தார்கள். விடிந்தது. அவரைப் பார்த்து யாராவது சிரித்தால் நான் கூடச் சேரமாட்டேன், என் தலைமுறைக் கணக்கும் அதே மாதிரி நேராகத்தான் வந்தது.

சரி, அப்படியானால் போதகர் சொல்வதை அப்படியே வாங்கிக்கொள்ள வேண்டுமா? அந்தப் பக்கமும் நான் போய்வந்த வழிதான். பெரோயா ஊரார், பவுல் சொன்னது சரியா என்று தினந்தோறும் வேதத்தை ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பவுலையே சோதித்துப் பார்க்கலாம் என்றால் மற்ற எந்த ஐயாவையும் சோதித்துப் பார்க்கலாம். ஆனால் அதே வசனத்தில், அவர்கள் முதலில் "மனோவாஞ்சையாய்" ஏற்றுக்கொண்டார்கள் என்றும் இருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டு சோதிக்கவில்லை.

சபைப் பிரிவுகள் இதில் எதிரெதிர் முனையில் நிற்பதாக நினைத்திருந்தேன். புராட்டஸ்டன்ட் பக்கத்தில் 1646-ல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை, வேதத்தில் எல்லாமே ஒரே மாதிரித் தெளிவாக இல்லை என்று ஒத்துக்கொள்கிறது. இரட்சிப்புக்குத் தேவையானதைக் கல்லாதவரும் வழக்கமான வழிகளைச் சரியாகப் பயன்படுத்தினால் போதிய அளவு புரிந்துகொள்ளலாம் என்கிறது. விளக்கம் சொல்லும் அதிகாரம் திருச்சபைக்கே என்று சொல்லும் கத்தோலிக்கர்கூட, 1965-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், அந்த அதிகாரம் தேவவார்த்தைக்கு மேலானதல்ல, அதற்கு ஊழியம் செய்வது என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வித்தியாசம் இல்லாமல் இல்லை, நிறையவே இருக்கிறது. ஆனால் நான் வாழ்ந்த இரண்டு கோடிகளையும் இவர்கள் யாரும் பரிந்துரைக்கவில்லை.

இப்போது எப்படி வாசிக்கிறேன் என்று சொல்கிறேன். முதலில் எந்த விளக்கவுரையும் திறக்காமல் ஒரு பகுதியை மூன்று தடவை வாசிப்பேன், ஒரு தடவையாவது சத்தமாக. புரியாததைக் கேள்வியாக நோட்டில் எழுதுவேன். பழைய நோட்டில் எல்லாம் பதில்கள், இதில் எல்லாம் கேள்விகள். எத்தியோப்பிய மந்திரியிடம் கற்றது அது. அப்போஸ்தலர் 8-ல் ஏசாயா புத்தகத்தை வாசித்துக்கொண்டு போகிற அவர், வழியில் வந்து சேர்ந்த பிலிப்பு என்ற ஊழியரிடம் "இதை விளக்கும்" என்று பொதுவாகக் கேட்கவில்லை. தீர்க்கதரிசி யாரைக்குறித்துச் சொல்லுகிறார், தம்மைக்குறித்தோ வேறொருவரைக்குறித்தோ என்று குறிபார்த்துக் கேட்கிறார். தானே வாசித்து முட்டியவனுக்குத்தான் அப்படிக் கேட்க வரும். பிறகு இரண்டாவது மொழிபெயர்ப்பில் பார்ப்பேன். இரண்டும் எங்கே வேறுபடுகிறதோ அங்கேதான் ஒரு கடினமான சொல் ஒளிந்திருக்கும். அதன்பிறகே விளக்கவுரை. அதிலும் ஒன்றை மட்டும் வாசிப்பதில்லை.

வாரம் ஒரு மாலை ஐந்து பேர் கூடி வாசிக்கிறோம். டீச்சரம்மா, நாங்கள் இருவர், ஒரு ஆட்டோ ஓட்டுநர், கல்லூரியில் படிக்கும் ஒரு பெண். வயதும் வாழ்க்கையும் ஒன்றுக்கொன்று ஒட்டாதவர்கள் என்பதுதான் இதில் விசேஷம். ஒரே மாதிரி ஆட்கள் கூடினால் ஒரே இடத்தில் குருடாக இருப்போம். ஒரு முடிவு எனக்கு மிகவும் வசதியாக இருந்தாலோ, யாரோ ஒருவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்துக்குத் தோதாக இருந்தாலோ, அதை இவர்களிடம் சொல்லிப் பார்க்காமல் நம்புவதில்லை. "ஆவியானவர் உணர்த்தினார்" என்று ஆரம்பிப்பதையும் விட்டுவிட்டேன், அப்படி ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் வாய்திறக்க முடியாது. "எனக்கு இப்படித் தோன்றுகிறது, சரியா?" என்றுதான் கேட்கிறேன்.

போதகரைப் பார்க்கும்போது நான் கவனிப்பது ஒன்று: கேள்வி கேட்டால் முகம் எப்படி மாறுகிறது. எந்த வசனத்திலிருந்து சொல்கிறீர்கள் என்றால் பக்கத்தைத் திருப்புகிறாரா, பதவியைக் காட்டுகிறாரா? அப்போஸ்தலர் 18-ல் வரும் அப்பொல்லோ பெரிய பேச்சாளன், வேதவாக்கியங்களில் வல்லவன். கூடாரம் செய்யும் தொழிலாளிகளான ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அவனைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு, விட்டுப்போனதைத் திட்டமாய் விவரித்தார்கள். கேட்டுக்கொண்டான். திருத்தப்படக்கூடிய போதகரைத் தேடுங்கள் என்று இளையவர்களிடம் சொல்கிறேன். பிலிப்புவையும் பாருங்கள். மந்திரி ஞானஸ்நானம் பெற்றுத் தண்ணீரிலிருந்து ஏறினதும் ஆவியானவர் பிலிப்புவைக் கொண்டுபோய்விடுகிறார். மந்திரி அவரைத் தேடி அழவில்லை, சந்தோஷமாய்த் தன் வழியே போகிறார். பதினோரு வருடம் கழித்தும் தன்னை விட்டால் உனக்கு வேதம் புரியாது என்று ஒருவர் நினைக்கவைத்தால், எங்கோ கோளாறு.

அப்பாவைப் பார்க்கப் போனேன். டீச்சரம்மா வந்துபோன மூன்றாவது வாரம். ஏன் பேசாமல் இருந்தேன் என்பதை மறைக்காமல் சொன்னேன். யாத்திராகமத்தையும் சொன்னேன், எசேக்கியேலையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். குடித்ததையும் அடித்ததையும் அவர் மறுக்கவில்லை, நானும் அதை இல்லையென்று ஆக்கவில்லை.

கொஞ்சநேரம் கழித்து, "பிள்ளை சுமக்க வேண்டாம்னு இருக்கே, அந்த வசனத்தை உனக்கு யார் காட்டினது?" என்றார்.

"ஒரு டீச்சரம்மா."

"மொதல்ல சொன்னது?"

"அதை நானா படிச்சேன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்பா" என்றேன்.